நரகத்துக்கு ஒரு நுழைவுச்சீட்டு

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் பேய்களுக்கு நல்ல காலம் பிறந்துவிடுகிறது. கடைகளில் பூசணிக்காய்கள் குவிகின்றன. வீட்டு வாசல்களில் எலும்புக்கூடுகள் தொங்குகின்றன. நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். கெல்ட்டிய மக்களின் பழைய பருவத் திருவிழா ஒன்றின் எச்சங்களும் அதில் கலந்திருப்பதாக அறிஞர் கூறுவர். சிறுவர்கள் வேடமிட்டு வீடுவீடாகச் சென்று மிட்டாய் வாங்குகிறார்கள். சற்றே வளர்ந்தவர்களோ பேய் வீடுகளுக்குப் போகிறார்கள். சீட்டு வாங்கி இருளுக்குள் நுழைந்தால் மூலையிலிருந்து எவனோ பாய்ந்து வருவான், அலறலாம், அலறிய வாயோடு சிரித்துக்கொண்டே வெளியே வரலாம். அஞ்சுபவருக்கும் அது விளையாட்டு, அச்சுறுத்துபவருக்கும் அது விளையாட்டு.

இதே மாதத்தில், இதே வடிவில், அந்நாட்டில் வேறொரு வகை வீடும் உண்டு. அதற்கு ஹெல் ஹவுஸ் என்று பெயர். நாம் இங்கே நரக வீடு என்றே அழைப்போம். இதை நடத்துவோர் திருச்சபையினர். இங்கும் வரிசை உண்டு, பெரும்பாலும் சீட்டும் உண்டு, இருளும் அலறலும் உண்டு. ஆனால் இது சிரித்துக்கொண்டு வெளியேறுவதற்கான வீடன்று. அச்சம் உச்சத்தை எட்டும் நேரத்தில் பார்வையாளரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கப்படும்: இன்றிரவே நீ இறந்துபோனால் எங்கே போவாய்? அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே ஓர் அறை இருக்கும். உள்ளே பிரார்த்தனை செய்விக்கக் காத்திருப்போர் இருப்பார்கள்.

இவ்வழக்கத்தைப் பற்றிய நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நரகம் உண்டா இல்லையா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அது அவரவர் நம்பிக்கை. எந்தச் சமயத்தையும் பழிப்பதும் நம் நோக்கமன்று. அச்சத்தைக் காட்டி ஆள் சேர்க்கும் இம்முறை, எந்தச் சமயத்தின் பெயரால் செய்யப்படுகிறதோ அந்தச் சமயத்துக்கே இழைக்கப்படும் தீங்கு என்பதுதான் நம் வாதம். அதற்கான சான்றுகளில் வலிமையானது அவர்கள் கையிலிருக்கும் நூலிலேயே இருக்கிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1972-இல் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில், புகழ்பெற்ற போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லின் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் 'ஸ்கேர்மேர்' என்ற பேய் வீட்டைத் தொடங்கினார்கள். சாவுக் காட்சிகளின் ஊடே பார்வையாளரை நடத்திச்சென்று, முடிவில் நற்செய்தி சொல்லி அனுப்புவது அதன் முறை. 1990-களின் தொடக்கத்தில் டெக்சஸ் மாநிலத்தில், டல்லஸ் நகருக்கு அருகிலுள்ள சீடர் ஹில் என்ற ஊரில், அசெம்பிளீஸ் ஆஃப் காட் பிரிவைச் சேர்ந்த டிரினிட்டி சபை நரக வீட்டைப் பெரும் நாடகமாகவே நடத்தத் தொடங்கியது. கொலராடோவின் அர்வாடா நகரில் கீனன் ராபர்ட்ஸ் என்ற போதகர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நரக வீடு அமைப்பதற்கான கையேடு, உரையாடல், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கிப் பிற சபைகளுக்கு விற்றார். நூற்றுக்கணக்கான சபைகள் வாங்கியதாக அவரே சொன்னதுண்டு. கருக்கலைப்புக் காட்சிக்கு, சிதைந்த சிசுவைப்போல் தோன்றும் இறைச்சித் துண்டுகளை வாங்கிவைக்க வேண்டும் என்பது வரையில் அக்கையேடு வழி சொல்கிறது.

பெரும்பாலான நரக வீடுகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. பேய் வேடமிட்ட ஒருவன் வழிகாட்டியாக வருவான். அவன் பின்னால் சிறு கூட்டமாகப் பார்வையாளர்கள் அறை அறையாக நடந்துசெல்ல வேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஒரு பாவம். ஓர் அறையில் கருக்கலைப்புச் செய்துகொள்ளும் பெண் குருதி வெள்ளத்தில் துடிப்பாள். ஓர் அறையில் தன்பாலீர்ப்புள்ள இளைஞன் எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருப்பான். ஓர் அறையில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியவன் தன் குடும்பத்தையே கொன்றிருப்பான். இன்னோர் அறையில் மனமுடைந்த சிறுமி ஒருத்தி தற்கொலை செய்துகொள்வாள். பக்கத்தில் நின்று பேய்கள் அவளைத் தூண்டும், செத்ததும் கைகொட்டி இழுத்துச்செல்லும். பிறகு புகையும் வெப்பமும் ஓலமும் நிறைந்த நரகம். அதன்பின் வெள்ளை ஒளியில் விண்ணகம் அல்லது இயேசு. கடைசியில் நாம் முன்னே சொன்ன அந்த அறை.

1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் துப்பாக்கி ஏந்திச் சக மாணவர்களைச் சுட்டுக்கொன்றனர். அதே ஆண்டு அக்டோபரில் சீடர் ஹில் நரக வீட்டில் அது ஒரு காட்சியாக வந்துவிட்டது. ஆறே மாதம். பிள்ளைகளைப் புதைத்த பெற்றோரின் கண்ணீர் உலர்வதற்கு முன்பே அச்சாவுகள் மேடையேறின. எதிர்ப்பு எழுந்தது, செய்தித்தாள்கள் எழுதின, கூட்டமும் வந்தது.

அச்செய்தியால் ஈர்க்கப்பட்ட ஜார்ஜ் ராட்லிஃப் என்ற இயக்குநர் அச்சபைக்கே சென்று படம்பிடித்தார். 'ஹெல் ஹவுஸ்' என்ற அந்த ஆவணப்படம் 2001-இல் வெளிவந்தது. இப்பொருளில் ஆர்வமுள்ள நண்பர்கள் தவறாமல் காணவேண்டிய படம் அது. இயக்குநர் யாரையும் கேலி செய்வதில்லை. சபையின் இளைஞர்கள் எந்த வேடம் தமக்குக் கிடைக்கும் என்று ஆவலோடு தேர்வுக்கு வருவதையும், தச்சு வேலை செய்து அரங்கு அமைப்பதையும், தம் குடும்பத் துயரங்களைச் சுமந்தபடி மனமுருகிப் பிரார்த்திப்பதையும் அமைதியாகக் காட்டுகிறார். அவர்கள் கொடியவர்கள் அல்லர். நம் தெருவில் குடியிருந்தால் நல்ல அண்டை வீட்டாராக இருக்கக்கூடியவர்கள்.

அதனால்தான் அவர்கள் தரப்பு வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துவைப்பது நம் கடமையாகிறது. அவர்கள் கேட்பது இது: அண்டை வீடு தீப்பற்றி எரிகிறது, உள்ளே ஒருவன் உறங்குகிறான். அவன் உறக்கம் கலையாதபடி மெல்ல அழைப்பீர்களா, கதவை உடைத்துக்கொண்டு கூச்சலிடுவீர்களா? நரகம் உண்மையென்று நம்புகிறவன் வாய்மூடி இருந்தால் அவன் அன்பில்லாதவன் அல்லவா? எள்ளி நகையாடி ஒதுக்கக்கூடிய கேள்வியன்று இது. நம்பிக்கையில் உண்மையாக இருப்பவன் கேட்கக்கூடிய கேள்விதான்.

ஆனால் உவமை பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். தீப்பற்றிய வீட்டில் உறங்குபவன் செய்யவேண்டிய செயல் ஒன்றே ஒன்று: எழுந்து ஓடுவது. அதற்கு அச்சம் போதும். வாசலைத் தாண்டிவிட்டால் அவன் பிழைத்தான். சமய வாழ்வு அப்படிப்பட்டதா? பகைவனை மன்னிப்பது, உள்ளதைப் பகிர்வது, ஒவ்வொரு நாளும் ஆசையோடு மல்லாடுவது என்று ஆயுள் முழுதும் செய்யவேண்டிய காரியம் அல்லவா அது? ஒரு நொடியில் ஓடச்செய்யும் அச்சம், முப்பது ஆண்டு நடக்கச்செய்யுமா?

இக்கேள்விக்கு உளவியலார் ஓரளவு விடை தந்திருக்கிறார்கள். 1953-இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இருவர், பல் துலக்கும் பழக்கத்தைப் பற்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மூன்று விதமாக உரை நிகழ்த்தச் செய்தனர். ஒன்றில் கொடூரமான படங்கள், ஒன்றில் நடுத்தரமான எச்சரிக்கை, ஒன்றில் மிகக் குறைவான அச்சுறுத்தல். கொடூரத்தைக் கண்டவர்களே மிகவும் கலங்கினர். ஆனால் சொன்னபடி நடந்தவர்கள் மிகக் குறைவாக அச்சுறுத்தப்பட்டவர்களிடையேதான் அதிகம். 1965-இல் யேல் பல்கலைக்கழகத்தில் லெவந்தாலும் அவர் நண்பர்களும் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. டெட்டனஸ் நோயின் கோரத்தைக் காட்டிய துண்டுப்பிரசுரத்தைப் படித்த மாணவர்கள், ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்று மனமார எண்ணினார்கள். உண்மையில் சென்று போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 விழுக்காடு. மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்று காட்டும் படத்தையும், எப்போது போவது என்று திட்டமிடும் அறிவுரையையும் சேர்த்துக் கொடுத்தபோது அது சுமார் 28 விழுக்காடாயிற்று. அச்சத்தின் அளவைக் கூட்டியதாலோ குறைத்ததாலோ இந்த எண்ணிக்கை மாறவில்லை. மாற்றியது வழி காட்டும் ஒரு தாள்.

அச்சுறுத்தலுக்குப் பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2015-இல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஆய்வொன்று, அச்சுறுத்தும் செய்திகளுக்குப் பயன் உண்டு என்றே கூறுகிறது. அதே ஆய்வு இன்னொன்றும் கூறுகிறது: திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய செயல்களைவிட, ஒரே ஒருமுறை செய்யவேண்டிய செயல்களுக்கே அச்சம் அதிகம் உதவுகிறது. நரக வீட்டின் வெற்றிக்கும் தோல்விக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. பிரார்த்தனை அறைக்குள் நுழைவது ஒருமுறைச் செயல். அதை அச்சம் நடத்திக்கொடுத்துவிடுகிறது. இத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று சபையினர் கணக்கும் எழுதிக்கொள்கிறார்கள். அதற்கு மறுநாள் காலை தொடங்கும் வாழ்க்கையைப் பற்றி அந்தக் கணக்கு ஒன்றும் சொல்வதில்லை.

இதற்கு நெருங்கிய இன்னோர் எடுத்துக்காட்டையும் அந்நாட்டிலேயே காணலாம். நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் சிலர், வழிதவறத் தொடங்கிய சிறுவர்களை உள்ளே வரவழைத்து, முகத்தோடு முகம் வைத்துக் கத்தி, சிறை வாழ்வின் கொடுமையைச் சொல்லி நடுங்கவைத்தார்கள். 1978-இல் இது 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' என்ற படமாக வந்து ஆஸ்கர் பரிசும் பெற்றது. நாடெங்கும் இம்முறை பரவியது. கண்ணீர் வடித்த சிறுவர்களைத் திரையில் கண்ட யாருக்கும் இது பயன்தரும் என்றே தோன்றியிருக்கும். பின்னர் ஆய்வாளர்கள், அப்படி அச்சுறுத்தப்பட்ட சிறுவர்களையும் அச்சுறுத்தப்படாத சிறுவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அச்சுறுத்தப்பட்டவர்களே அதிகமாகக் குற்றம் புரிந்திருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே நன்றாயிருந்திருக்கும் என்பதுதான் ஆய்வுகளின் முடிவு.

கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு இதில் வியப்பில்லை. வருகைப்பதிவைக் காட்டி மிரட்டினால் வகுப்பு நிறையும். தேர்வைக் காட்டி மிரட்டினால் குறிப்பேடு நிறையும். அந்த மாணவன் பட்டம் பெற்றபின் தானாக ஒரு கவிதைத் தொகுப்பை வாங்கிப் படிக்கிறானா என்பது வேறு கேள்வி. மிரட்டலால் அதை வரவழைத்த ஆசிரியர் எவரையும் நாம் கண்டதில்லை.

இனி அவர்கள் நூலுக்கு வருவோம். லூக்கா எழுதிய நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை ஒன்று உண்டு. செல்வன் ஒருவன் நாள்தோறும் விருந்துண்டு வாழ்கிறான். அவன் வாசலில் புண்கள் நிறைந்த உடம்போடு லாசரு என்ற ஏழை கிடக்கிறான். இருவரும் இறக்கிறார்கள். ஏழை ஆபிரகாமின் மடியிலும் செல்வன் வேதனையிலும் இருக்கிறார்கள். செல்வன் தனக்காகக் கேட்ட தண்ணீர் மறுக்கப்பட்டபின், வேறொரு வேண்டுகோள் விடுக்கிறான்: எனக்கு ஐந்து சகோதரர்கள் இருக்கிறார்கள், அவர்களும் இங்கே வந்துவிடாதபடி லாசருவை அனுப்பி எச்சரிக்கச் செய்யுங்கள்.

இந்த வேண்டுகோளை நன்றாகக் கவனிக்க வேண்டுகிறோம். நரகத்தைப் பற்றி நேரடிச் சான்று சொல்ல ஒருவனை அனுப்பி உயிரோடிருப்பவர்களை அச்சுறுத்தித் திருத்தவேண்டும் என்பதுதானே அது? ஒருவகையில் நரக வீடு வேண்டும் என்று கேட்கும் விண்ணப்பம் அது. கேட்பவனும் அன்பினால்தான் கேட்கிறான். ஆபிரகாம் மறுத்துவிடுகிறார். மோசேயும் தீர்க்கதரிசிகளும் சொல்லிவைத்தவை அவர்களிடம் இருக்கின்றன. அவற்றுக்குச் செவிகொடாதவர்கள் இறந்தவன் எழுந்துபோய்ச் சொன்னாலும் நம்பப்போவதில்லை என்பது அவர் விடையின் கருத்து. இயேசுவின் வாய்மொழியாக வந்த கதையிலேயே மறுக்கப்பட்ட ஒரு திட்டத்தை, அவர் பெயராலேயே பெட்டியில் அடக்கி விற்றிருக்கிறார்கள்.

இக்கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அச்செல்வன் ஏன் நரகத்தில் இருக்கிறான்? அவன் கொலை செய்ததாகக் கதை சொல்லவில்லை. விபசாரம் செய்ததாகச் சொல்லவில்லை. வாசலில் கிடந்தவனுக்குச் சோறு போடவில்லை. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்புக் காட்சியிலும் இதே கணக்குத்தான். பசித்தவனுக்கு உணவும், தாகித்தவனுக்குத் தண்ணீரும், ஆடையற்றவனுக்கு ஆடையும் கொடாதவர்களும், நோயாளியையும் சிறைப்பட்டவனையும் சென்று பாராதவர்களுமே இடப்பக்கம் நிறுத்தப்படுகிறார்கள். அந்த நூலின்படி நரக வீடு கட்டுவதானால் முதல் அறையில் யாரை நிறுத்தவேண்டும்? வயிறார உண்டு கதவடைத்துக்கொண்ட செல்வனை அல்லவா? நாம் படித்தறிந்த நரக வீட்டு வருணனைகள் எவற்றிலும் அவனைக் காணவில்லை. அங்கே நிற்பவள் கருவுற்றுக் கலங்கிய பெண். அங்கே கிடப்பவன் நோயுற்ற இளைஞன். மத்தேயு சொன்ன நோயாளியைச் சென்று பார்ப்பதற்குப் பதிலாக, அந்த நோயாளியையே நரகத்தின் காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள்.

இலக்கியம் கற்பிப்பவர்களுக்கு இவ்விடத்தில் தாந்தே நினைவுக்கு வருவது இயல்பு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் படைத்த நரகத்தைக் காட்டிலும் கொடிய நரகத்தை எந்தத் தச்சனும் அமைத்துவிட முடியாது. ஆனால் அந்த நரகத்தில் யார் யார் இருக்கிறார்கள்? பதவியைக் காசுக்கு விற்ற போப்பாண்டவர், தலைகீழாகக் குழியில் புதைக்கப்பட்டு, பாதங்களில் நெருப்பு எரியக் கிடக்கிறார். தாந்தே தன் திருச்சபையின் தலைமையையே குற்றக்கூண்டில் ஏற்றினார். மேலும், முறைதவறிய காதலால் தண்டனை பெற்ற பிரான்செஸ்காவின் கதையைக் கேட்டு இரக்கம் தாளாமல் மயங்கி விழுகிறார். தான் மதித்துப் போற்றிய புருனெத்தோ லத்தீனியை அங்கே காணும்போது தலைவணங்கிப் பேசுகிறார். தண்டனை சரியென்று நம்பும் அதே மனம் தண்டிக்கப்பட்டவருக்காகத் துடிக்கிறது.

துன்பியல் நாடகம் அச்சத்தோடு இரக்கத்தையும் எழுப்பவேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். நரக வீட்டில் அச்சம் மட்டும் இருக்கிறது. இறந்துகொண்டிருப்பவனைப் பார்த்துப் பேய் வழிகாட்டி எள்ளிச் சிரிக்கிறான். பார்வையாளரும் அந்த எள்ளலின் ஊடேதான் அவனைப் பார்க்க நேர்கிறது. பேய் சிரிப்பது அதன் தீமையைக் காட்டத்தான் என்று விளக்கம் சொல்லலாம். எனினும் அந்த அறைகளில் அவனுக்காக அழுவதற்கு இடம் விடப்படவில்லை. அவன் கதை முடிவதற்குள் அடுத்த அறைக்குப் போகச்சொல்லிவிடுகிறார்கள்.

அச்சுறுத்தும் சமயப்பேச்சு அமெரிக்காவுக்குப் புதிதன்று. 1741 ஜூலை 8-இல் என்ஃபீல்டு என்ற ஊரில் ஜோனதன் எட்வர்ட்ஸ் ஆற்றிய பிரசங்கம் அந்நாட்டு இலக்கியப் பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. நெருப்பின்மேல் நூலிழையில் தொங்கும் சிலந்தியாக மனிதனை அவர் காட்டியபோது, கேட்டவர்கள் கதறியதால் பேச்சையே நிறுத்தவேண்டியதாயிற்று என்பர். அந்த முறையும் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. எட்வர்ட்ஸ் காட்டிய சிலந்தி, எதிரே உட்கார்ந்திருந்த கேட்போரேதான். சபையில் பலகாலம் இருந்தவர், ஊரில் மதிப்புள்ளவர் என்று எவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. நரக வீட்டிலோ பாவி என்பவன் மேடைமேல் இருக்கிறான். அவன் அடுத்த தெருக்காரன். சபைக்குள் ஏற்கெனவே இருப்பவன் சுட்டுவிரல் நீட்டும் இடத்தில் பாதுகாப்பாக நின்றுகொள்கிறான்.

நாட்களின் பொருத்தத்திலும் ஒரு முரண் இருக்கிறது. ஹாலோவீன் இரவாகிய அதே அக்டோபர் 31-தான், 1517-இல் மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்ட நாள். அவர் எதை எதிர்த்தார்? இறந்தபின் உத்தரிக்கும் தலத்தில் நேரும் வேதனையைச் சொல்லி மக்களைக் கலங்கவைத்து, அதிலிருந்து விடுபடப் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற வணிகத்தை எதிர்த்தார். லூதர் துறவியானதே அச்சத்தால்தான். 1505-இல் இடிமின்னலில் சிக்கி, உயிர் பிழைத்தால் துறவு பூணுவேன் என்று நேர்ந்துகொண்டவர் அவர். 1521-இல் துறவு நேர்ச்சைகளைப் பற்றி எழுதிய நூலைத் தந்தைக்குக் காணிக்கையாக்கியபோது, அந்த நேர்ச்சை சாவின் திகிலால் சூழப்பட்ட நிலையில் தன்னிடமிருந்து வலிந்து பெறப்பட்டது என்று மனந்திறந்து எழுதினார். அச்சத்தில் பிறந்த வாக்குறுதியைப் பதினாறு ஆண்டுகள் சுமந்து பார்த்தவரின் சொல் அது. அவர் தொடங்கிவைத்த இயக்கத்தின் கிளைகளில் தோன்றிய சபைகள், அவர் கிளர்ந்தெழுந்த அதே நாளை ஒட்டியே, மறுமை அச்சத்துக்குச் சீட்டுக் கொடுக்கின்றன.

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த மதமாற்றக் காவியம் ஒன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மணிமேகலை வெளிப்படையாகவே பௌத்தத்துக்கு ஆள் சேர்க்கும் நூல். அதிலும் நரகம் பற்றிய பேச்சு வருகிறது. கப்பல் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன், நரமாமிசம் உண்ணும் அவர்களின் தலைவனுக்கு நல்வினை தீவினைகளின் பயனை அவர்கள் மொழியிலேயே எடுத்துச்சொல்கிறான். தலைவன் சிரிக்கிறான், வினாத் தொடுக்கிறான், எங்களால் முடிந்த அறம் எதுவோ அதைச் சொல் என்கிறான். சாதுவன் இறங்கிவந்து, மூத்துத் தானாக இறக்கும் விலங்கை மட்டும் உண்ணுங்கள், கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாதீர்கள் என்று அவர்களால் இயல்வதைச் சொல்கிறான். அவர்கள் ஏற்கிறார்கள். கதைத்தலைவியோ அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்கெல்லாம் சோறிடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். லூக்காவின் செல்வன் செய்யத் தவறியது அதுவே. சாத்தனார் தம் சமயத்தின்மேல் வைத்திருந்த நம்பிக்கை டெக்சஸ் போதகர்களுடையதைவிடக் குறைந்ததன்று. ஆயினும் நூல் முழுதும் அவர் நம்பியிருப்பது உணவையும் உரையாடலையும்.

2006 அக்டோபரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு நாடகக் குழு, கீனன் ராபர்ட்ஸின் உரையாடலை அவர் இசைவோடு பெற்று, கேலி எதுவும் கலக்காமல் அப்படியே நடித்துக்காட்டியது. நம்பிக்கையாளர் அல்லாத நகரத்து மக்கள் சீட்டு வாங்கிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது ஒரு விசித்திரமான மாலைப்பொழுது, அவ்வளவே. படித்து முதிர்ந்தவர்களை நரக வீடு ஒன்றும் செய்துவிடுவதில்லை.

நமக்குக் கவலை வேறு ஒருவரைப் பற்றியது. நரக வீட்டின் வரிசையில் நிற்போர் பெரும்பாலும் பதின்பருவத்துப் பிள்ளைகள். நண்பன் அழைத்தான் என்று வந்தவர்கள், சபை வண்டியில் கூட்டமாக வந்திறங்கியவர்கள். அந்தக் கூட்டத்தில் தன் உடலின் ஈர்ப்பு எதன்பால் என்பதை இன்னும் யாரிடமும் சொல்லாத பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருக்கக்கூடும். சாகவேண்டும் என்று சில வாரங்களாகவே எண்ணிக்கொண்டிருக்கும் சிறுமி ஒருத்தி இருக்கக்கூடும். யாருக்கும் தெரியாமல் கருவைக் கலைத்துவிட்டு வந்தவளும் இருக்கக்கூடும். மற்றவர்கள் அலறிவிட்டுப் போகும் அறையில் அப்பிள்ளை தன்னையே பார்க்கிறது. தன் முகம் மேடையில் நோயுற்றுச் சாகிறது. பேய்கள் அதைச் சுற்றிக் கும்மாளமிடுகின்றன. பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் அதைக் கண்டு நடுங்குகிறார்கள். இனி அந்தப் பையன் தன் மனத்திலிருப்பதை அந்த நண்பர்களிடம் சொல்லுவானா? அந்தச் சிறுமி தன் எண்ணத்தைச் சபையின் மூத்த பெண் ஒருத்தியிடம் போய்ச் சொல்லுவாளா? யாரைக் காப்பாற்றவேண்டுமென்று இவ்வளவு தச்சு வேலையும் நடந்ததோ, அவர்களுடைய வாயைத்தான் இந்த வீடு முதலில் அடைக்கிறது.

அன்பு முழுமையாக இருக்குமிடத்தில் அச்சத்துக்கு இடமில்லை என்னும் கருத்து யோவானின் முதல் நிருபத்தில், 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்த வசனத்தைச் சுட்டி நரக வீடுகளைக் கண்டித்த கிறித்தவர்கள் அந்நாட்டிலேயே உண்டு. அவர்கள் குரல் இன்னும் ஓங்கி ஒலிக்கவேண்டும் என்பது நம் விருப்பம். வெளியிலிருந்து நாம் சொல்வதைவிட அவர்கள் உள்ளிருந்து சொல்வதற்கே பயன் மிகுதி.

ஹாலோவீனைத் திருச்சபை வேறு எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பாருக்கு விடையும் அவர்கள் நாட்டிலேயே இருக்கிறது. 1950-இல் பிலடெல்பியாவில் கிளைட் ஆலிசன் என்ற பிரெஸ்பிட்டீரியன் போதகரும் அவர் மனைவி மேரி எம்மா ஆலிசனும் பிள்ளைகளின் கையில் காலிப் பால் அட்டைப்பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார்கள். மிட்டாய் கேட்டு வீடுவீடாகப் போகும் அவ்விரவில், உலகப்போரால் நலிந்த தொலைநாட்டுக் குழந்தைகளுக்காகச் சில்லறையும் கேட்டு வாங்கச் சொன்னார்கள். அந்த முதல் இரவில் திரண்டது 17 டாலர். அதை ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் அது நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்து கோடிக்கணக்கான டாலர்களைத் திரட்டித் தந்தது.

லாசரு கிடக்கும் வாசல் எதுவென்று அந்தப் போதகர் தம்பதிக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளின் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து அந்த வாசலுக்கு அனுப்பினார்கள். அவர்களும் நரகத்தை நம்பியிருக்கலாம்; நமக்கு அதைப் பற்றிக் கேள்வியில்லை. அன்றிரவு அவர்கள் யாரையும் அச்சுறுத்தவில்லை என்பதும், எங்கோ சில குழந்தைகள் பால் குடித்தார்கள் என்பதும் நமக்குப் போதும்.